ஆட்ட நாள் தூக்கம்

மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். சோம்பேறி என்று நாலு பேர் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். படுத்ததும் தூங்கத் தெரிந்தவன் மனதில் கள்ளம் இருக்காது என்பது என் எண்ணம். என் தம்பி அப்படித்தான், தலையணையில் தலை பட்டால் போதும். நீங்களும் கொஞ்சம் தூங்கியிருக்கலாம், கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. நான் இழுத்தடிக்க மாட்டேன். ஆட்டத்தின் முடிவை அவ்வளவு சரியாக எப்படிச் சொன்னேன் என்று கேட்டீர்கள். தொலைக்காட்சியில் என்னைப் பார்த்த எல்லோரும் கேட்பதுதான். அவர்களிடம் சிரித்து மழுப்பிவிடுவேன். உங்களிடம் முழுதாகவே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்கிறவரும் நிதானமாக எழுதட்டும்.

முதலில் நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தேன். ஆயுள் கணக்குப் போடுகிற பிரிவு. குறிப்பிட்ட வயதுக்காரர்கள் ஆயிரம் பேர் இருந்தால் அடுத்த வருடம் அதில் எத்தனை பேர் இருக்க மாட்டார்கள் என்று சொல்கிற வேலை. எத்தனை பேர் என்று சொல்லலாம், யார் யார் என்று சொல்ல முடியாது. அது தெரிய வேண்டிய அவசியமும் அங்கே கிடையாது. பல வருடம் அந்த நாற்காலியைத் தேய்த்தேன். தம்பி தொழில்முறைக் கூடைப்பந்து ஆட வந்து பெயர் வாங்கிய பிறகு, விளையாட்டுத் தொலைக்காட்சிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஆட்டக்காரனின் அக்கா, கணக்குத் தெரிந்தவள், வாயும் கொஞ்சம் நீளம். இதைவிட வேறென்ன வேண்டும் அவர்களுக்கு? ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நிகழ்ச்சி. நடுவில் நான், ஒரு பக்கம் தொகுப்பாளர், இன்னொரு பக்கம் பழைய பயிற்சியாளர் ஒருவர். யார் ஜெயிப்பார்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் எதற்கெடுத்தாலும் மனவலிமை என்பார். மனவலிமையை எதை வைத்து அளப்பது என்று கேட்டால் தண்ணீர் குடிப்பார்.

கூடைப்பந்தில் முடிவைக் கணிப்பது ஓரளவுக்கு யாருக்கும் கைவரும். சொந்த அரங்கில் ஆடுகிற அணிக்குக் கொஞ்சம் சாதகம். நேற்று ஆடிவிட்டு இன்றைக்கும் ஆடினால் பாதகம், நடுவில் பயணம் வேறு இருந்தால் இன்னும் மோசம். யாருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, மாற்று ஆட்டக்காரர்கள் எவ்வளவு நேரம் தாங்குவார்கள், பந்தை எத்தனை முறை எதிரியின் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், இதையெல்லாம் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து எறிகிற மூன்று புள்ளிப் பந்தை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அது இன்றைக்கு விழும், நாளைக்குக் கைவிரித்துவிடும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு ஆட்டத்தைச் சரியாகச் சொல்லிவிடலாம். பழைய பயிற்சியாளரும் அந்த அளவுக்குச் சொன்னார், எந்தக் கணக்கும் போடாமலே. அந்த மூன்றாவது ஆட்டம்தான் எல்லோருக்கும் மூக்கை உடைக்கும். மூக்குடைபடுவது எனக்குப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் தம்பி அந்த அணியின் பாயின்ட் கார்ட். பந்தை எடுத்துக்கொண்டு போய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிறவன். அவன் தெளிவாக இருந்தால் அணியே தெளிவாக இருக்கும். அவன் தடுமாறினால் மற்ற நான்கு பேரும் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள். அவனை வளர்த்தது நான். அம்மா சீக்கிரமே போய்விட்டாள், அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. குளிப்பாட்டியது, தலை சீவியது, முதல் பந்து வாங்கிக் கொடுத்தது, எல்லாம் நான். அவன் முகத்தைப் பார்த்தே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்வேன். பிறகு வெப்பமானியை வைத்தால் அதுவும் அதையே சொல்லும். அவன் கல்யாணத்துக்குப் பிறகும் அவன் வீட்டில்தான் இருந்தேன், அவன்தான் போகக் கூடாது என்றான்.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஆட்ட நாளில் மதியத் தூக்கம் சாப்பாட்டுக்குச் சமம். காலையில் அரங்குக்குப் போய் லேசாக ஓடுவார்கள், பந்து எறிந்து பார்ப்பார்கள், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். எழுந்தால் நேரே ஆட்டத்துக்குத்தான். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் அழைப்பு மணியின் இணைப்பை எடுத்துவிடுவோம், குக்கர் வைக்க மாட்டோம், பக்கத்து வீட்டுக்காரரிடம் துளை போடும் வேலை இருந்தால் நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஆட்ட நாளில் அவன் காதுக்கு எந்தச் சேதியும் போகக் கூடாது என்பதும் நான் வைத்த சட்டம்தான். ஒருமுறை அவன் மாமனாரை மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகுதான் அவனுக்குச் சொன்னோம். தம்பி மனைவி அவ்வளவு நேரமும் சமையலறையில் நின்று அழுதாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. நல்ல பெண். நாத்தனார் வாயால் நல்ல பெயர் வாங்குவது லேசு இல்லை, அவள் வாங்கியிருந்தாள்.

பிறகு வாண்டு பிறந்தான். வீட்டில் அவனை அப்படித்தான் கூப்பிடுவோம். அவனுக்குக் கடைவாய்ப் பல் முளைத்த சமயத்தில் மதியமெல்லாம் அழுகை. தம்பிக்கு எந்தச் சத்தத்திலும் தூங்க முடியும், பிள்ளை அழுகிற சத்தத்தில் மட்டும் முடியாது. எழுந்து வந்து தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பான்.

"நீங்க போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள் அவள்.

"ஒரு நிமிஷம்" என்பான். அந்த ஒரு நிமிஷம் கார் வந்து நிற்கிற வரைக்கும் போகும்.

அப்படிப்பட்ட நாட்களில் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் அவனுக்குக் கால் ஓய்ந்துவிடும். வெளியே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் எதிரணி தவறு செய்தால் தனியாக நின்று எறிகிற பந்தை நான் பார்ப்பேன். கால் ஓய்ந்தவன் எறிந்தால் பந்து வளையத்தின் முன்விளிம்பில் தட்டி அவனிடமே திரும்பும். கை தவறினால் பந்து இடமோ வலமோ போகும், கால் தவறினால் முன்னால் விழும். இதை நான் கவனித்து ஒரு முடிவுக்கு வந்தபோது மனதுக்குள் அப்படி ஒரு சந்தோஷம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். மூன்றாவது ஆட்டத்தின் சாவி என் வீட்டுத் தொட்டிலில் கிடந்தது.

அட்டவணையில் கடைசி இடத்தில் இருந்த அணியோடு ஓர் ஆட்டம். அன்று மதியம் வாண்டு ஒரே அழுகை. நான் நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்து, எங்கள் அணி தோற்கும் என்றேன். தொகுப்பாளர் சிரித்தார். பயிற்சியாளர் சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. அன்றைக்கு ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றார்கள். அடுத்த ஆட்டத்துக்கும் தோல்வி என்றேன், அதுவும் நடந்தது. அதோடு ரசிகர்கள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், கருநாக்கு அக்கா. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், "எங்க அணியப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்க" என்று கும்பிடுவார்கள். தம்பிக்கும் வேடிக்கைதான்.

"வீட்டுக்குள்ளயே எதிரியாக்கா? ஒரு நாளாவது ஜெயிப்போம்னு சொல்லேன்."

"சொல்லியிருக்கேனேடா."

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

அவன் சொன்னது சரி. ஜெயிப்பார்கள் என்று நான் சொல்லி ஜெயித்த ஆட்டங்களை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. தோல்வி சொல்லித் தோற்றதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள்.

இதுவரைக்கும் நான் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். மதியம் நடந்ததைப் பார்த்தேன், மாலையில் சொன்னேன். பிறகு தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு மாற்றம் செய்தார்கள். என் பெயருக்குக் கூட்டம் கூடியதால், கணிப்பை முந்தின நாளே ஒளிபரப்பினால் ஒரு நாள் முழுக்க ஜனங்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. கேட்டுக்கொண்டு வந்தார்கள், நான் சரி என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. முந்தின நாள் சொல்லிவிட்டால் மறுநாள் மதியம் வாண்டு அழுவானா தூங்குவானா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவனுக்கு ஒரு பழைய துண்டு உண்டு, அது கன்னத்தில் பட்டால்தான் தூங்குவான். ஒரு நாள் நான் தோல்வி என்று சொல்லியிருந்தேன். மதியம் அந்தத் துண்டை எடுத்துத் துவைக்கப் போட்டேன். அழுக்காகத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. அவன் அழுதான், தம்பி எழுந்தான், இரவு தோற்றார்கள். அதன் பிறகு தோல்வி சொன்ன நாட்களில் எல்லாம் துண்டுக்கு ஒரு சலவை. எங்கள் வீட்டில் அவ்வளவு சுத்தமான துண்டு வேறு கிடையாது. தம்பி மனைவி, "எதுக்கு அண்ணி உங்களுக்குச் சிரமம்" என்று கூடச் சொன்னாள்.

பிள்ளைகள் வளர்கிறார்கள். ஒரு நாள் துண்டு இல்லாமலே கவிழ்ந்து படுத்துத் தூங்கிவிட்டான். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தம்பியும் தூங்கினான், ஆட்டத்தில் பறந்தான், அணி ஜெயித்தது. மறுநாள் தொலைக்காட்சியில் என் படத்தைப் போட்டு, நாக்குக்குச் சோப்புப் போட்டு வெளுப்பது போல ஒரு கேலிச் சித்திரம். கருநாக்கு வெளுத்துப்போச்சு என்று தொகுப்பாளர் சொல்ல, பயிற்சியாளர் மேசையைத் தட்டினார். வீட்டுக்கு வந்தால் தம்பி என்னைத் தூக்கிச் சுற்றி, "உன் வாக்கு பலிக்கலியே" என்று கூத்தாடினான். அவள் சிரித்தாள், வாண்டு கைதட்டினான். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரும் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவும் இல்லை, ஜெயித்த வீட்டில் அவரவர் சந்தோஷம் அவரவருக்கு.

முந்திரி விஷயம் தற்செயலாகத் தெரிந்ததுதான். யாரோ கொடுத்த பிஸ்கட்டில் முந்திரி இருந்திருக்கிறது. வாண்டுக்கு உதடு தடித்து, உடம்பெல்லாம் தடிப்பு, சொறிந்துகொண்டு மதியம் முழுக்க அழுதான். டாக்டரிடம் போனோம், நானும் கூடப் போனேன். முந்திரி அவனுக்கு ஆகாது, கண்ணிலேயே காட்டாதீர்கள் என்றார். இந்த முறை தடிப்போடு போனது, அடுத்த முறை இதைவிட லேசாகவும் வரலாம், மூச்சையே அடைக்கவும் செய்யலாம், முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று ஒரு படித்த மனிதர் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பேனா மாதிரி ஓர் அவசர ஊசி எழுதிக் கொடுத்தார். மூச்சுத் திணறினால் தொடையில் வைத்து அழுத்த வேண்டும், அழுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும். மருந்தில்லாத பயிற்சி ஊசியை வைத்து அவளுக்கும் எனக்கும் செய்து காட்டினார். எனக்குத்தான் முதலில் கைவந்தது.

நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். நான் கொடுத்தது சுண்டுவிரல் நுனியில் ஒட்டுகிற அளவுத் தூள்தான். வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தால் தெரியாது. தோல்வி சொன்ன நாட்களில் மட்டும். வாயைச் சுற்றிக் கொஞ்சம் சிவக்கும், அரிக்கும், அழுவான். அவள் சிரப் கொடுப்பாள், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். எதனால் வருகிறது என்று தெரியாமல் அவள் வீட்டில் ஒவ்வொரு சாமானாகத் தூக்கி எறிந்தாள். சோப்பை மாற்றினாள், பால் மாற்றினாள், படுக்கை விரிப்பை மாற்றினாள். நானும் கூட நின்று டப்பாக்களில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துச் சொன்னேன். என் கணிப்பு ஒன்றுகூடத் தவறவில்லை. கடைத்தெருவில் கும்பிடுகிறவர்கள் அதிகமானார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன், நீங்கள் காத்திருப்பது அதற்குத்தான். கணக்கு என்று பார்த்தால் எங்கள் அணிதான் ஜெயிக்க வேண்டும். சொந்த அரங்கு, நல்ல ஓய்வு, எதிரணியில் உயரமானவனுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. ஆனால் ஜெயம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார், தொகுப்பாளர் சொல்லிவிட்டார், தெருவில் பால் ஊற்றுகிறவரும் சொல்லிவிட்டார். நானும் அதையே சொன்னால் நான் எதற்கு? தோற்கும் என்றேன். நிகழ்ச்சி பார்க்க வந்திருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். வெகுநாளைக்குப் பிறகு எனக்கு உடம்பில் உயிர் வந்தது மாதிரி இருந்தது.

மறுநாள் மதியம் தம்பி சாப்பிட்டுப் படுத்தான். வாண்டு என் மடியில் இருந்தான். பழத்தை மசித்துக் கொடுத்தேன்.

"அத்த, இன்னும்" என்றான்.

அவன் என்னிடம் எதையும் அப்படி ஆசையாகக் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் கொடுத்தேன், அதிலும் வைத்துத்தான். கேட்கிற குழந்தைக்கு எப்படி இல்லை என்பது? வாயைத் துடைத்து அவளிடம் கொடுத்துவிட்டு, நிலையத்துக்குப் புறப்படப் புடவை மாற்றினேன். காது அந்த அறையிலேயே இருந்தது. அழுகை வரவில்லை. தலை சீவினேன், பையைச் சரிபார்த்தேன், கூடத்துக்கு வந்து நின்றேன். தம்பியின் குறட்டை மட்டும் கேட்டது. வாண்டின் அறையிலிருந்து பூனைக்குட்டி இருமுவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கார் வந்து நின்றுவிட்டது. சொன்ன நேரத்துக்கு நிலையத்தில் இருக்க வேண்டும், போய்விட்டேன். வழியில் தம்பி மனைவி ஒருமுறை கூப்பிட்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதன் பிறகு வீட்டில் நடந்தது உங்களுக்கு அவள் சொல்லித் தெரியும். பிள்ளைக்கு அழக்கூட மூச்சில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தம்பி விழித்துவிடக் கூடாதே என்று கதவைப் பூப்போலச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, ஆட்டம் முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்திருப்பாள் பாவம். மேசையில் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாளாம், வாண்டைக் காற்றாட வெளியே கூட்டிப் போகிறேன் என்று. தம்பி எழுந்து, அதைப் படித்துவிட்டு, ஆடப் போனான்.

நிலையத்தில் நாங்கள் ஆட்டத்தைத் திரையில் பார்த்துப் பேச வேண்டும். அவன் களத்துக்கு வந்து நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கண் தெளிவாக இருந்தது, கழுத்து லேசாக இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறான். தனியாக நின்று முதல் பந்தை எறிந்தான், வளையத்தைத் தொடாமல் வலைக்குள் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. பயிற்சியாளர் என் பக்கம் திரும்பி, "என்னம்மா, நாக்கு வறண்டுபோச்சா" என்று தண்ணீரை நகர்த்தி வைத்தார். பயந்தேன். எதற்குப் பயந்தேன் என்று நீங்கள் கேட்டால், அந்த நேரத்தில் அந்தப் பந்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அவள் மறுபடி கூப்பிட்டாள். நான் வெளியே போய்ப் பேசினேன்.

"அண்ணி, ஆஸ்பத்திரில இருக்கோம். மறுபடி மோசமாகி உள்ள கொண்டு போயிட்டாங்க. மூச்சுக்குக் குழாய் வச்சிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு அண்ணி. அவருக்கு ஆட்ட நாளாச்சே, என்ன செய்யறது?"

"உடனே சொல்லு" என்றேன். "பிள்ளையை விடவா ஆட்டம்?"

"அவர் போனை வாங்கி வச்சிருப்பாங்களே."

"நான் பாத்துக்கறேன், நீ பிள்ளைகிட்ட இரு."

இதை அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள். அந்த நிமிடத்தில் என்னைக் கடவுள் மாதிரி நினைத்ததாகவும் சொல்லியிருப்பாள். நான் உடனே அணி மேலாளரைக் கூப்பிட்டேன். ஆட்ட நேரத்தில் எல்லோருடைய போனும் அவரிடம்தான் இருக்கும். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறான், மூச்சுத் திணறல், தம்பியை உடனே அனுப்புங்கள் என்றேன். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றார். "நாங்க நல்லா முன்னாடி இருக்கோம். உங்க வாக்கு பொய்யாயிடும்னு இந்த அளவுக்கு எறங்குவீங்களா? பச்சைக் குழந்தையையா இழுப்பீங்க?"

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கலப்படமில்லாத உண்மை அது. அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. நான் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. வாண்டின் உயிர் போனது அந்த நேரத்தில்தான் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். தம்பி அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு பந்தைக் கொடுத்தான், பயிற்சியாளரே எழுந்து நின்றுவிட்டார். அவன் வாழ்க்கையில் அதைவிட நன்றாக ஆடியதில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினான், பிள்ளை வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பான் என்று. ஆஸ்பத்திரியிலிருந்தே யாரோ கூப்பிட்ட பிறகுதான் மேலாளர் அவனைத் தனியாகக் கூட்டிப் போனாராம்.

தகப்பனுக்குச் சேதி போகாமல் தடுத்தது யார் என்று நீங்கள் தேடினால், மேலாளரைப் போய்க் கேளுங்கள். அவள்கூட முதலிலேயே அவனை எழுப்பியிருக்கலாம். நான் ஒருத்திதான் சொல்லச் சொன்னேன். குழந்தைக்காகச் சொன்னாயா, அவன் களத்தைவிட்டு வெளியே வந்தால் அணி தோற்கும் என்று சொன்னாயா என்று சற்று முன்னால் கேட்டீர்கள். இரண்டும் ஒரே காரியத்தால் நடக்குமென்றால் அதைப் பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது? சரி, எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைக்காமல் காத்திருக்கிறார். களத்தைவிட்டு வெளியே வரட்டும் என்றுதான் சொன்னேன்.

இனி வழியில் வந்த அந்த முதல் அழைப்பு.

"அண்ணி, வாண்டுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. அந்த ஊசி ட்ராயர்ல இல்லியே, எங்க வச்சீங்க?"

"அங்கதான் இருக்கும், நல்லாப் பாரு" என்றேன்.

"பாத்துட்டேன் அண்ணி, இல்ல."

"துணிக்கு அடியில பாரு."

ஊசி என் கைப்பையில் இருந்தது. பை என் மடியில் இருந்தது. காலையிலேயே எடுத்து வைத்துவிட்டேன். சின்னச் சிவப்புக்கெல்லாம் அவள் பதறி ஊசியைப் போட்டுவிட்டால் அழுகை சட்டென்று அடங்கிவிடும், தம்பி தூங்கிவிடுவான் என்று நினைத்தேன். கார் அப்போது எங்கள் தெரு முனையில்தான் இருந்தது. திரும்பச் சொல்லியிருந்தால் ஓட்டுநர் திரும்பியிருப்பார், நல்ல மனிதர். அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற சத்தம் போனில் கேட்டது. நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நிலையம் வந்துவிட்டது, வைத்துவிட்டேன். பையை மேசைக்குக் கீழே காலுக்கருகில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சியில் பேசினேன். நீங்கள் சோதித்தபோது ஊசி உறை பிரிக்காமல் இருந்ததல்லவா? அப்படியேதான் இருந்தது.

எல்லாம் சொல்லிவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். தம்பி நேற்றிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்கிறீர்கள். என் பெயரைச் சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டான், இனி என் முகத்தில் விழிக்க மாட்டான் என்கிறீர்கள். நீங்கள் அவனை நேற்றுத்தான் பார்த்தீர்கள். நான் அவனைப் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அவன் விஷயத்தில் எனக்குத் தவறியதே இல்லை. நாளைக்கு வருவான். அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "சாப்பிட்டியாக்கா?" என்றுதான் முதலில் கேட்பான்.